கொல்லன் மகன் ஸ்மித்: கியூ முதல் டப்ளின் வரை ஒன்பது நாள்

நாள் 1: லண்டன், கியூ

ரிச்மண்ட் செல்லும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் வழியில் ஹாமர்ஸ்மித்தில் நிற்கிறது. ஹாமர் என்றால் சம்மட்டி. பின்பாதி பழைய ஆங்கிலத்தில் கொல்லுப்பட்டறையைக் குறித்த சொல். பட்டறை இருந்த இடமே ஊர்ப்பெயராகிவிட்டது. இன்னும் சில நிறுத்தங்கள் தாண்டி, கியூ கார்டன்ஸில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கும் ஸ்மித் என்ற குடும்பப்பெயரை இங்கிருந்து தேடத் தொடங்குவதுதான் சரி. ஞாயிறும் திங்களும் இங்கே வாசிப்பறை கிடையாது. அதனால் பயணத்தைச் செவ்வாயன்று ஆரம்பிப்பது வசதி.

முதலில் சொல்லின் பொருள். ஸ்மித் என்றால் கொல்லர். அடிப்பதைக் குறிக்கும் ‘ஸ்மைட்’ என்ற வினையிலிருந்து வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது ஒலி ஒற்றுமையை வைத்துப் பிறந்த ஊகம். பழைய நார்ஸ் மொழியில் இதே சொல் தச்சரையும் குறித்தது. கையால் ஒன்றைச் செய்து உருவாக்குபவர் என்பதே அடிப்பொருள், நம் ‘கம்மியர்’ போல. இரும்பு வேலைக்கென்று அது குறுகியது பின்னால்தான்.

பெயர் ஏன் இவ்வளவு பெருகியது? கொல்லர்கள் ஏராளமாக இருந்ததால் என்று நினைக்கத் தோன்றும். உண்மை ஏறக்குறைய நேர்மாறு. ஊரில் பாதிப்பேர் உழவர்கள் என்றால் ‘உழவன் ஜான்’ என்று கூப்பிட்டு யாரையும் அடையாளம் காட்ட முடியாது. ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தால் ‘கொல்லன் ஜான்’ என்றதுமே ஆள் யாரென்று தெரிந்துவிடும். மதுரைக் கூலவாணிகன் சாத்தன் என்று ஊரையும் தொழிலையும் சேர்த்துச் சொல்ல வைத்ததும் இதே தேவைதான். இப்படி ஆயிரக்கணக்கான ஊர்களில் ஊருக்கொரு ஸ்மித் தனித்தனியே முளைத்தார். ஆகவே ஸ்மித்துகளுக்குப் பொது மூதாதை கிடையாது. இந்தப் பயணம் முழுக்க மனத்தில் வைக்க வேண்டியது இது ஒன்றுதான்: தேட வேண்டியது பெயரை அல்ல, ஊரை.

1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கு கியூவில்தான் பாதுகாக்கப்படுகிறது. அதில் ஹெரஃபோர்டு நகரப் பகுதியில் ஆறு கொல்லர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் உலைக்கு ஒரு பென்னி வரி கட்டி, அரசரின் இரும்பில் 120 லாடம் அடித்துத் தர வேண்டும். அதற்கு வழக்கப்படி ஒவ்வொருவருக்கும் மூன்று பென்ஸ் கூலி. வேறு எந்த ஊழியமும் அவர்களுக்கு இல்லை. லத்தீனில் அவர்கள் ‘ஃபாபர்’. இந்தச் சொல்லைக் கண்டதும் ஸ்மித் குடும்பம் கிடைத்துவிட்டது என்று துள்ளக் கூடாது. 1086இல் ‘ஃபாபர்’ வெறும் தொழில். மகன் வேறு தொழிலுக்குப் போனால் அந்த அடையாளமும் போய்விடும்.

தொழில் எப்போது பெயராக உறைகிறது என்பதைப் பார்க்க 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள் நல்ல இடம். 1377இல் பதினான்கு வயதைத் தாண்டிய அனைவருக்கும் தலைக்கு நான்கு பென்ஸ். 1379இல் தகுதிக்கேற்ற வரி: சாதாரண ஆளுக்கு நான்கு, கைவினைஞருக்கு ஆறு அல்லது அதற்கு மேல். யார்க்‌ஷயரின் வெஸ்ட் ரைடிங் பகுதிக்கான 1379 பட்டியல் நன்றாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதில் பெயருக்குப் பக்கத்தில் தொழிலும் தொகையும் வரும். பெயரும் ஸ்மித், தொழிலும் ஸ்மித், தொகை ஆறு பென்ஸ் என்றால் அவர் உலையில் நின்ற ஆள். பெயர் மட்டும் ஸ்மித், தொகை நான்கு என்றால், அப்பனோ பாட்டனோ கொல்லராக இருந்து இவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். பெயர் பரம்பரைக்கு மாறும் தருணம் அந்தச் சிறு தொகையில் தெரிகிறது. இது முடிந்த சான்று ஆகாது. அடுத்து எங்கே தேடுவது என்று காட்டும் குறிப்பு, அவ்வளவே.

மூலத்தைப் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். அட்டை இலவசம். பெயருக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று என இரண்டு கொண்டுபோக வேண்டும். பேனா உள்ளே போகாது, பென்சில்தான். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். வரிக்கணக்குகள் ‘இ 179’ என்ற தொடரில் இருக்கின்றன. அங்கே தடுமாற வைப்பது எழுத்து. ‘ஜோஹன்னஸ்’ என்பதைப் பாதியில் வெட்டி மேலே ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதோடு ஒருவரிடமிருந்து வசூலித்தது என்ற பொருளில் எழுதுவதால் லத்தீன் வேற்றுமை ஏறி ‘ஃபாபர்’, ‘ஃபாப்ரோ’ ஆகிவிடும். இந்தத் திரிபு தெரியாதவர்கள் அதைத் தனிக் குடும்பமாக எண்ணிப் பட்டியலிட்டுவிடுகிறார்கள். அச்சில் வந்த பதிப்பை முதலில் படித்துவிட்டு மூலத்துக்கு வருவதே புத்தி.

மாலையில் நேரம் இருந்தால் தென்கிழக்கே பிளாக்ஹீத் திடல் வரை போகலாம். 1497இல் கார்ன்வாலிலிருந்து வரி எதிர்ப்புப் படை ஒன்று இங்கே வந்து பாசறை போட்டது. அதன் தலைவர்களில் ஒருவர் செயின்ட் கெவர்ன் ஊரின் கொல்லர் மைக்கேல் ஜோசஃப். அவரை ‘அன் கோஃப்’ என்பார்கள். கார்னிஷ் மொழியில் ‘அந்தக் கொல்லன்’ என்று பொருள். ஆங்கோவ் என்ற குடும்பப்பெயர் அந்தச் சொல்லிலிருந்து வந்தது. வேல்ஸ் மொழியிலும் கொல்லர் ‘கோஃப்’தான். ஆனால் கோஃப் என்று ஒலிக்கும் வேல்ஸ் பெயர்கள் எல்லாம் கொல்லரிடமிருந்து வந்தவை அல்ல. சிவப்பு என்ற பொருள் கொண்ட ‘கோக்’ திரிந்து அதே உருவம் எடுத்ததும் உண்டு.

நாள் 2: டர்ஹாம், சந்தர்லாந்து

கிங்ஸ் கிராஸிலிருந்து டர்ஹாமுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஸ்மித் என்பது ஓர் ஆளின் பெயரோடு ஒட்டி எழுதப்பட்டதற்கு அடிக்கடி காட்டப்படும் மிகப் பழைய சான்று இந்தப் பகுதியைச் சேர்ந்தது: சுமார் 975இல் எக்கியர்டு ஸ்மித்.

டூம்ஸ்டே கணக்கு டர்ஹாமைத் தொடவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பது 1183இல் பிஷப் ஹியூ டு புய்செ எடுத்த போல்டன் கணக்கு. அந்தப் பெயர் தந்த போல்டனையும், கொல்லரைப் பற்றிய வரி வரும் வேர்மவுத்தையும் ஒரே மெட்ரோ பாதையில் பார்க்கலாம். நியூகாசிலிலிருந்து சந்தர்லாந்து போகும் வண்டி கிழக்கு போல்டன் வழியாகத்தான் செல்கிறது. அன்றைய பிஷப்வேர்மவுத் இன்று சந்தர்லாந்து நகர நடுப்பகுதி. பழைய ஊர்க்கோயில், அதாவது கிறிஸ்தவத் தேவாலயம், இப்போது ‘சந்தர்லாந்து மினிஸ்டர்’.

போல்டனில் சாதாரணக் குடியானவருக்கு முப்பது ஏக்கர். அதற்கு ஈடாக வாரத்தில் மூன்று நாள் பிஷப்பின் நிலத்தில் உழைப்பு. ஈஸ்டர் வாரம், பெந்தகோஸ்து வாரம், கிறிஸ்துமஸில் பதின்மூன்று நாள் மட்டும் விடுப்பு. வேர்மவுத்துக் கொல்லருக்கோ பன்னிரண்டு ஏக்கர்தான். ஆனால் அவர் செய்ய வேண்டியது ஏர்களுக்கான இரும்பு வேலை. கரியும் அவரே தேடிக்கொள்ள வேண்டும். நம் பேச்சில் சொன்னால் கொல்லர் மானியம். தச்சருக்கும் அதே பன்னிரண்டு ஏக்கர். தச்சர் வயதானவர் என்பதால் ஆயுள் வரைக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய கணக்கில் ஒரு கிழத்தச்சரின் முகம் சட்டென்று தெரிகிறது.

குடும்ப ஆராய்ச்சிக்கு இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கொல்லருக்கு நிலம் தொழிலோடு கட்டுண்டது. மகன் தொழிலை ஏற்றால் நிலமும் வீடும் பெயரும் சேர்ந்தே கைமாறும். ஒரே ஊரில் மூன்று நான்கு தலைமுறை ஸ்மித் வரும் இடங்களில் பெரும்பாலும் இந்த மானியமோ பட்டறைக் குத்தகையோதான் பின்னணி. ஊர்க்கோயில் பதிவேடுகள் 1538க்குப் பிறகே தொடங்குகின்றன. பல ஊர்களில் 1558க்கு முந்தைய தாள்கள் மிஞ்சவில்லை. அதற்கு முந்தைய காலத்தைப் பிடிக்கப் பண்ணைக் கணக்கும் குத்தகைக் கணக்கும்தான் உதவும். டர்ஹாம் பேராலய ஆவணங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் பேலஸ் கிரீன் கட்டடத்தில் இருக்கின்றன. எந்த ஆவணம் வேண்டும் என்று முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நாள் 3: எடின்பரோ

ஸ்காட்லாந்தில் ஸ்மித்தைத் தேடுவது இங்கிலாந்தைவிட எளிது. ஸ்காட்லாந்துப் பதிவேடுகள் பெண்ணைத் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயராலேயே அடையாளம் காட்டுகின்றன. கல்லறைக் கல்லிலும் கணவன் பெயருக்குக் கீழே மனைவி தன் சொந்தக் குடும்பப்பெயரோடு இருப்பார். ஜான் ஸ்மித் நூறு பேர் இருக்கலாம். ஆக்னஸ் ஆபர்க்ராம்பியை மணந்த ஜான் ஸ்மித் ஒருவர்தான் இருப்பார்.

அரசுப் பதிவு இங்கே 1855இல் தொடங்கியது. முதல் ஆண்டுப் பிறப்புச் சான்றில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணம் நடந்த நாளும் இடமும், முன்பு பிறந்த குழந்தைகள் எத்தனை என்பது வரை உண்டு. இவ்வளவு விவரம் கேட்டது பதிவாளர்களுக்குச் சுமையாகிவிட்டதால் அடுத்த ஆண்டே குறைத்தார்கள். மணம் நடந்த நாளும் இடமும் 1861இல் திரும்பி வந்தன. ஆகவே ஒரு குடும்பத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் என்றால், உங்கள் நேர் மூதாதை யார் என்று பார்க்காமல், 1855இல் பிறந்த பிள்ளையின் சான்றை வாங்குங்கள். அந்த ஒரு தாளில் முழுக் குடும்பமும் இருக்கும். இறப்புச் சான்றில் இறந்தவரின் தாய் தந்தை இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு வரும். பிரின்சஸ் தெருவின் கிழக்கு முனையில் உள்ள ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸில் இவற்றைப் பார்க்கலாம். இருக்கையை முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

இங்கிலாந்து, வேல்ஸ் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. பழைய பிறப்பு அட்டவணைகளில் 1911 வரை தாயின் பெயர் இல்லாததால் ஸ்மித் தேடுவோர் திண்டாடிப் போனார்கள். பதிவுத்துறையின் புதிய இணைய அட்டவணையில் தொடக்கத்திலிருந்தே தாயின் பிறந்த வீட்டுப் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். ஸ்மித்தோடு அந்தப் பெயரையும் போட்டுத் தேடினால் ஆயிரம் பேர் பத்தாகிவிடுவார்கள்.

கேனன்கேட் கோயில் வளாகத்தில் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித்தின் கல்லறை இருக்கிறது. 1723இல் கிர்க்கால்டியில் திருமுழுக்கு, 1790இல் இங்கே அடக்கம். அவர் தந்தை சுங்கத்துறை அதிகாரி. அதற்குள் பெயருக்கும் உலைக்கும் தொடர்பு அறுந்து எத்தனையோ தலைமுறை ஆகியிருந்தது.

நாள் 4: பெர்த், டன்கெல்ட்

பெர்த்திலிருந்து வடக்கே போகப் போக ஆங்கிலச் சொல் பின்வாங்கி, மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கின் சொல் முன்னே வருகிறது. கேலிக்கில் கொல்லர் ‘கௌ’ போல ஒலிக்கும். எழுதும்போது நடுவே ஓர் உதட்டெழுத்தும் அதை மெலிதாக்கும் இன்னோர் எழுத்தும் சேர்ந்து வரும். வாயில் அது உகரமாகக் கரைந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் ஏன் ஒரே பெயர் பதிவேட்டில் ஏழெட்டு உருவத்தில் வருகிறது என்பது விளங்கும். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். காதில் விழுந்தது அரை மெய்யெழுத்து.

பெர்த்தின் நார்த் இன்ச் திடலில் 1396இல் மன்னர் மூன்றாம் ராபர்ட் முன்னிலையில் இரண்டு குலங்கள் தரப்புக்கு முப்பது பேராக வெட்டிக்கொண்டன. ஒரு தரப்பில் ஓர் ஆள் குறைய, அந்த இடத்தில் கூலிக்கு இறங்கியவர் நகரத்துக் கொல்லர் என்றும், அவர் பெயர் ‘கௌ க்ரோம்’, அதாவது வளைந்த கால் கொல்லன் என்றும் மரபு சொல்கிறது. க்ளான் ஹட்டன் கூட்டணியில் கௌ குடும்பத்தினர் தங்களை இவர் வழி என்று சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. பரம்பரைச் சான்றாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. கௌ என்ற பெயர் கொண்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனிப் பட்டறைதான் வேர்.

டன்கெல்ட் அண்ட் பர்னம் நிலையத்தில் இறங்கினால் டே ஆற்றங்கரையில் இன்வர் சிற்றூர் நடை தூரம். ஃபிடில் கலைஞர் நீல் கௌ (1727–1807) வாழ்ந்த ஊர். அவர் உட்கார்ந்து வாசித்ததாகச் சொல்லும் ஓக் மரம் ஆற்றோரம் நிற்கிறது. கல்லறை லிட்டில் டன்கெல்ட் கோயிலில். இதே பெர்த் பதிவேடுகளில் கௌ குடும்பத்தைத் தேடுபவர் ஸ்மித்தையும் பார்த்தாக வேண்டும். தாழ்நிலத்துக்கு வேலைக்கு இறங்கியவர்கள் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டதால் அண்ணன் கௌ, தம்பி ஸ்மித் என்று பிரிந்த வீடுகள் உண்டு.

நாள் 5: கடல் கடப்பது

கேர்ன்ரயனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் படகு இரண்டேகால் மணி நேரம். பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு ஸ்ட்ரான்ரார் ரயில் நிலையம் போய் மாட்டிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2011இல் துறைமுகம் கேர்ன்ரயனுக்கு மாறிவிட்டது. ரயிலில் ஏர் வரை வந்து அங்கிருந்து பேருந்து பிடிப்பதே நேர் வழி.

நாள் 6: கல்ட்ரா, பாலிகௌவன்

பெல்ஃபாஸ்டிலிருந்து பாங்கர் போகும் ரயிலில் கல்ட்ரா நிலையம். அல்ஸ்டர் நாட்டுப்புற அருங்காட்சியகம் அதை ஒட்டியே இருக்கிறது. ஃபர்மானா மாவட்டத்தின் லிஸ்ரேஸ் பட்டறையை இங்கே கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிட்டுப் போங்கள்.

ஸ்மித் பெயரை ஆராய்பவர் ஒரு பட்டறைக்குள் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். உள்ளே நுழைந்தால் இருட்டு. சிக்கனத்துக்காக வைத்த இருட்டு அல்ல. கொல்லர் சூட்டை அளப்பது நிறத்தால்: மங்கிய சிவப்பு, செர்ரிச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் வெண்மஞ்சள். வெயில் உள்ளே விழுந்தால் ஆரஞ்சு இரும்பும் கறுப்பாகத் தெரியும். இன்னும் சூடேற்றுவார், இரும்பு எரியும். கங்கிலிருந்து எடுக்கும்போது மத்தாப்பு மாதிரிப் பொறி தெறித்தால் அந்தத் துண்டு போயிற்று. ஓரம் நொறுங்கும், திரும்ப ஒட்டாது. லாடத்தை வளைக்க ஆரஞ்சு போதும். இரண்டு தேனிரும்புத் துண்டுகளை அடித்து ஒட்ட வெண்மஞ்சள் வேண்டும், சுமார் 1300 டிகிரி. அதற்கு முன் மணலோ வெண்காரமோ தூவுவார்கள். சூட்டில் மேலே படியும் செதிலை அது உருக்கிக் கழுவிவிடும். தூவாவிட்டால் செதில் நடுவே சிக்கிக்கொள்ளும். பார்க்க ஒட்டியது போல இருக்கும், ஏரில் பூட்டிய முதல் நாளே விட்டுவிடும்.

வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதும் இவர் வேலைதான். பட்டையின் சுற்றளவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாகவே செய்வார்கள். சூடேறி விரிந்ததும் மேலே இறக்கித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி ஆரக்கால்களை இறுக்கும். அளவு பெரிதானால் பட்டை சில வாரத்தில் கழன்று ஓடும். ரொம்பச் சிறிதானால் ஆரக்கால் வளைந்து சக்கரம் கிண்ணமாகிவிடும். இத்தனை கணக்கையும் கண்ணிலும் கையிலும் வைத்திருந்த ஒருவரை ஊர் ‘கொல்லர்’ என்றே அழைத்ததில் வியப்பில்லை.

மதியம் பாலிகௌவன். காம்பருக்கும் செயின்ட்ஃபீல்டுக்கும் நடுவே உள்ள சிற்றூர். ஐரிஷில் இதன் பெயருக்கு ‘கொல்லன் மகனின் ஊர்’ என்று பொருள். ஐரிஷில் ‘மக்’ என்றால் மகன். ‘மக் கௌன்’ கொல்லன் மகன். ‘ஓ’ என்றால் பேரன், வழித்தோன்றல். ‘ஓ கௌன்’ என்ற குடும்பமும் வடக்கே உண்டு. ஆங்கில எழுத்தில் இவை மெகௌவன், மகௌவன், கௌவன், ஓகௌவன் என்றெல்லாம் வரும். ஆனால் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் ஸ்மித் என்றாலே கேலிக் வேர் என்று முடிவு கட்டக் கூடாது. 1610 வாக்கில் தொடங்கிய குடியேற்றத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஸ்மித்துகளும் நிறைய வந்தார்கள். எந்தக் கோயில் பதிவேட்டில் பெயர் வருகிறது என்பது ஒரு சாடை காட்டும். அதுவும் சாடைதான்; மணவழியில் மதம் மாறிய வீடுகள் இரண்டு பக்கமும் இருந்தன.

நாள் 7: காவன்

காவனுக்கு ரயில் கிடையாது. மொனகன் வழியாகச் சாலையில்தான் வர வேண்டும். எல்லையில் சாவடி எதுவும் இல்லை, சாலைப் பலகையில் மைல் கிலோமீட்டராக மாறும்போதுதான் நாடு மாறியதே தெரியும். இருந்தாலும் அயர்லாந்து தனி நாடு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதற்கான அனுமதி தங்களிடம் இருக்கிறதா என்பதை லண்டன் கிளம்பும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஐரிஷ் ஸ்மித்தின் தாய்வீடு இதுதான். பழைய பிரெஃப்னி நாட்டின் கிழக்குப் பகுதி, ஓ’ரைலி குலம் ஆண்ட மண். மக் கௌன் குடும்பம் இங்கே முக்கியமான குலங்களில் ஒன்று. வேறு மாவட்டங்களில் மெகௌவன் என்றே நீடித்த பெயர் காவனில் பெரும்பாலும் ஸ்மித் ஆகிவிட்டது. பதிவுத்துறை அதிகாரி ராபர்ட் மேத்திசன் 1890ஆம் ஆண்டுப் பிறப்புகளை வைத்து அயர்லாந்துப் பெயர்களை வரிசைப்படுத்தியபோது மர்ஃபி, கெல்லி, சல்லிவன், வால்ஷ் ஆகியவற்றுக்கு அடுத்து ஐந்தாவதாக நின்றது ஸ்மித். அயர்லாந்துக்கு அத்தனை ஆங்கிலேயர் வந்து குடியேறிவிடவில்லை. அந்த எண்ணிக்கையில் கணிசமான பங்கு காவன் பக்கத்து மொழிபெயர்ப்பு.

மொழிபெயர்ப்பு ஒரே நாளில் நடக்கவில்லை. திருமுழுக்கில் மெகௌவன், திருமணத்தில் ஸ்மித், குத்தகைச் சீட்டில் ‘ஒய்’ போட்ட ஸ்மித் என ஒரே ஆள் மூன்று பெயரில் வருவார். ஆகவே தேடும்போது நடு எழுத்துக்கு நட்சத்திரக் குறி போட்டு ‘ஐ’, ‘ஒய்’ இரண்டையும் பிடிக்க வேண்டும். கடைசியில் ‘இ’ சேர்ந்த உருவத்தையும் விடக் கூடாது. பிறகு கௌவன் உருவங்களில் தனியாக இன்னொரு சுற்று. அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு: மேற்குக் காவனின் மெகவர்னை மெகௌவனோடு கலப்பது. மெகவர்ன் வேறு பெயர், கோடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கொல்லருக்கும் அதற்கும் ஒட்டுறவில்லை.

மாவட்டத்தின் தென்கிழக்கே லஃப் ராமர் ஏரிக்கரையில் வர்ஜினியா என்ற சிறு நகரம். அது லர்கன் பாரிஷை (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்தை) சேர்ந்தது. இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தின் 1821 மக்கள்தொகைக் கணக்கு ஏறக்குறைய முழுக்க எரிந்துபோயிற்று. ஆனால் காவனின் சில பாரிஷ்களுக்கான தாள்கள் பிழைத்தன, லர்கனும் அவற்றில் ஒன்று. வீட்டில் ஒவ்வொருவர் பெயர், வயது, உறவு, தொழில், எத்தனை ஏக்கர், வீடு எத்தனை மாடி எல்லாம் அதில் உண்டு. அயர்லாந்தின் வேறு பல மாவட்டத்தார் ஏங்கும் புதையல் இது, தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வயதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். முப்பது, நாற்பது, ஐம்பது என்று பத்துப் பத்தாக முழுமைப்படுத்தியிருப்பார்கள். பிள்ளைகளின் வயதை வைத்துத் தாயின் வயதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

1821க்கும் 1901க்கும் நடுவே பாலமாக நிற்பவை இரண்டு. 1823 முதல் 1837 வரையிலான தசமபாகக் கணக்கு ஒன்று. 1847இல் தொடங்கி 1864 வரை நாடு முழுக்க நடந்த கிரிஃபித் நிலமதிப்பீடு மற்றொன்று. இரண்டிலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். ஒரே டவுன்லாண்டில் (பாரிஷுக்குள் அடங்கும் சிறு நிலப்பிரிவில்) மூன்று ஜேம்ஸ் ஸ்மித் இருந்தால் கிரிஃபித் எழுத்தர்கள் என்ன செய்தார்கள்? பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அப்பன் பெயரைப் போட்டார்கள். நம் இனிஷியல் செய்யும் வேலைதான். சில இடங்களில் அப்பன் பெயருக்குப் பதில் ‘சிவப்பு’, ‘இளைய’ என்ற பட்டப்பெயர் வரும். தலைமுடி நிறமும் வயதும் அப்படிப் பதிவில் ஏறியவை. பலர் பிரதியெடுக்கும்போது இந்த அடைப்புக்குறியை விட்டுவிடுகிறார்கள். ஒரு முழுத் தலைமுறையை அழிப்பதற்குச் சமம் அது.

காவன் நகரில் ஃபார்னம் தெருவில் உள்ள ஜான்ஸ்டன் மத்திய நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு இருக்கிறது. டவுன்லாண்ட் பெயர் தெரியாமல் அங்கே போவதில் பயனில்லை. ‘காவன் ஸ்மித்’ என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. ஊரும் பாரிஷும் சொன்னால் வழி பிறக்கும்.

நாள் 8: டிரிம்

டப்ளினுக்கு இறங்கும் வழியில் மீத் மாவட்டத்தின் டிரிம். பாய்ன் ஆற்றங்கரையில் அயர்லாந்தின் மிகப் பெரிய நார்மன் கோட்டை. உள்கோபுரத்துக்கு வழிகாட்டியோடுதான் ஏற முடியும். படிகள் குறுகியவை, முதியவர்கள் யோசித்து ஏறுவது நல்லது.

1465இல் இந்த ஊரில் கூடிய நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. டப்ளின், மீத், லவுத், கில்டேர் பகுதிகளில் ஆங்கிலேயர் நடுவே வாழும் ஐரிஷார் ஆங்கிலக் குடும்பப்பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும். எப்படிப்பட்ட பெயர் என்பதற்கு எடுத்துக்காட்டும் சட்டத்திலேயே இருக்கிறது. ஊர்ப்பெயரா: சட்டன், செஸ்டர், டிரிம், ஸ்க்ரீன், கார்க், கின்சேல். நிறமா: வைட், பிளாக், பிரவுன். கைத்தொழிலா: ஸ்மித், கார்பெண்டர். பதவியா: குக், பட்லர். மறுத்தால் ஆண்டுதோறும் உடைமை பறிமுதல். பட்டியலில் உள்ள டிரிம் இதே ஊர். ஸ்க்ரீன் தாரா குன்றுக்குப் பக்கத்தில்.

ஸ்மித் பற்றிய பல எழுத்துகளில் காவன் மெகௌவன்கள் இந்தச் சட்டத்தால்தான் ஸ்மித் ஆனார்கள் என்று இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. 1465இல் காவன் ஓ’ரைலி கையில் இருந்தது. டிரிம் சட்டம் அங்கே செல்லாது. சட்டம் பெயர்சொல்லிக் குறித்த அந்த நான்கு மாவட்டங்களிலேயே ஆங்கில அதிகாரம் அந்த நூற்றாண்டில் சுருங்கிக்கொண்டுதான் போனது. காவனின் மாற்றம் குடியேற்றத்துக்குப் பிந்தையது. பண்ணை மேலாளர், கோயில் எழுத்தர், பின்னால் பள்ளிக்கூடம், வேலைக்குப் போகும் நகரம் என்று ஒவ்வொரு வாசலிலும் ஆங்கிலப் பெயர் காரியத்தை எளிதாக்கியது. ஒரு சட்டத்தைக் காட்டி முடித்துவிடுவது வசதியாக இருக்கும். ஆனால் அந்த ஆண்டை நம்பித் தேடினால் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுப் பதிவுகளில் மெகௌவனைத் தேடாமலே விட்டுவிடுவோம், இழப்பு அங்கேதான்.

நாள் 9: டப்ளின்

லிஃபி ஆற்றங்கரையில் ஃபோர் கோர்ட்ஸ். உள்நாட்டுப் போரில் 1922 ஜூன் 30 அன்று இதை ஒட்டியிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. காவனின் அந்தச் சில தாள்கள் ஏன் புதையல் என்பது இங்கே நிற்கும்போது உறைக்கும். எரிந்தவற்றின் பிரதிகளையும் சுருக்கங்களையும் உலகெங்கும் தேடித் திரட்டிய இணையக் காப்பகம் நூறு ஆண்டு கழித்து, 2022 ஜூன் இறுதியில் திறக்கப்பட்டது. தேடலை அங்கேயும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

அரசுப் பதிவு: கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணம் 1845 முதல், மற்ற எல்லாம் 1864 முதல். கத்தோலிக்கப் பாரிஷ் பதிவேடுகளின் படங்களை கில்டேர் தெருவின் தேசிய நூலகம் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. அவை பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். ஸ்மித் குழந்தைகளைத் தேடும்போது பெற்றோரைவிட ஞானப்பெற்றோர் பெயரைக் கவனியுங்கள். சித்தப்பா, மாமா, அத்தை வழியில்தான் பெரும்பாலும் ஆள் பிடிப்பார்கள். அந்த அரிய பெயர்களே எந்த ஸ்மித் எந்த வீடு என்று பிரித்துக் காட்டும்.

கடைசியாக, 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கு. குடும்பத் தலைவர் கைப்பட நிரப்பிய படிவங்களின் படங்களே கிடைக்கின்றன. 1901இல் இருந்த ஒரு ஸ்மித் குடும்பம் 1911இல் காணவில்லை என்றால் உடனே கப்பல் ஏறிவிட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். இந்தப் பத்தாண்டில் ஐரிஷ் மொழி இயக்கம் வலுத்தது, பல வீட்டார் படிவத்தை ஐரிஷிலேயே நிரப்பினார்கள். அப்பா ‘மக் கௌன்’ என்ற எழுத்தில் அகரவரிசையின் வேறு மூலைக்குப் போயிருப்பார். மணமாகாத மகள் பெயரில் ‘மக்’ மாறி ‘நிக்’ ஆகியிருக்கும், அவள் இன்னொரு மூலையில். பெயரை விட்டுவிட்டு அதே டவுன்லாண்டைத் திறந்து, வீடு வீடாக வயதையும் பிள்ளைகளின் வரிசையையும் ஒத்துப் பாருங்கள். தொழில் கட்டத்தில் கொல்லரைக் குறிக்கும் ஐரிஷ் சொல் இருந்தால் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.